கோடு போட்ட சட்டை

என் தலையில் அடி விழுந்த கதையை ஸ்ரீராம்புரத்தில் ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். எனக்குக் கண் போய்விட்டது என்கிறான் ஒருவன். புத்தி பேதலித்துவிட்டது, ஆஸ்பத்திரியில் சங்கிலி போட்டு வைத்திருந்தார்கள் என்கிறாள் குழாயடியில் ஒருத்தி. கண் போகவில்லை. சங்கிலியும் போடவில்லை. கட்டில் கம்பியோடு துணியால் கட்டிப் போட்டது உண்மை, அதுவும் நான் செய்த காரியத்துக்காகத்தான். நடந்ததை நானே எழுதி வைத்துவிட்டால் மற்றவர்கள் இவ்வளவு கஷ்டப்பட்டுக் கற்பனை செய்ய வேண்டாம்.

நான் மில்லில் துணி பார்க்கிறவன். தறியிலிருந்து வந்த துணி சாய்வான மேஜைமேல் ஓடும். இழை அறுந்த இடம், முடிச்சு, எண்ணெய்க் கறை இவற்றைக் கண்டால் சாக்பீஸால் குறி போட வேண்டும். யாரும் இழைகளை எண்ணிப் பார்ப்பதில்லை. ஒரே மாதிரி ஓடிக்கொண்டிருக்கிற துணியில் மாறிப்போன இடம் தானாக வந்து கண்ணில் குத்தும். முறத்தில் அரிசியைப் பரப்பினால் கல் தனியாகத் தெரிகிறதல்லவா, அவ்வளவுதான் வித்தை.

அந்த வருஷம் நீலத்தில் பழுப்புக் கோடு போட்ட சட்டைத் துணி ஒன்று வந்தது. ஒவ்வொரு பழுப்புக் கோட்டின் ஓரத்திலும் ஒரு வெள்ளை இழை தப்பாக ஏறியிருந்தது. நான்தான் அதைக் கழித்துக் கட்டினேன். கழித்த துணியை மில்லில் தொழிலாளிகளுக்கே குறைந்த விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். தீபாவளிக்கு எங்கள் சந்து முழுக்க அதே சட்டை. ஜெயிலிலிருந்து கும்பலாகத் தப்பித்து வந்தவர்கள் மாதிரி இருந்தோம்.

அப்புறம் ஸ்டிரைக் வந்தது. மில்லில் இரண்டு சங்கம். வேலைக்குத் திரும்பலாம் என்றது எங்கள் சங்கம், கூடாது என்றது மற்றது. எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ராஜவேலு அந்தச் சங்கத்துக்காரன். கலவரத்துக்குக் கொஞ்ச நாள் முன்னால், கேட்டில் எல்லோரும் பார்க்க என் காலரைப் பிடித்து உலுக்கி, முதலாளி வீட்டு நாய் என்றான். நடுவில் நாலு பேர் விழுந்து பிரித்திராவிட்டால் அன்றைக்கே அவன் தாடையைப் பெயர்த்திருப்பேன். அந்த ஆத்திரம் எனக்குச் சோறு இறங்கவிடாமல் செய்தது.

கலவரத்தன்று காலையில் கேட்டருகே முதலில் கல் விழுந்தது, பிறகு சோடா பாட்டில். சைக்கிளில் வந்தவர்களை இழுத்துக் கீழே தள்ளி மிதித்தார்கள். ஒருவனுக்குக் காது பாதி கிழிந்து தொங்கியது, அவன் அதைக் கையால் பிடித்துக்கொண்டே உதைத்துக்கொண்டிருந்தான். நானும் சாமி கும்பிட்டுக்கொண்டு நிற்கவில்லை. என் கையில் சைக்கிள் செயின் இருந்தது. அது யார் யார் முதுகில் பட்டது என்று கேட்டால் தெரியாது, பட்டது நிச்சயம். அப்போதுதான் பின்னந்தலையில் விழுந்தது அடி. தறியில் குறுக்கு நூலைக் கொண்டுபோகிற நாடாவைத் தள்ளுகிற மரக்கட்டையால் அடித்திருக்கிறார்கள். தேங்காய் உடைகிற சத்தம் என் தலைக்குள்ளேயே கேட்டது. விழுந்துகொண்டே திரும்பினேன். கோடு போட்ட சட்டை தெரிந்தது. அதற்கு மேலே, பல்லைக் கடித்துக்கொண்டு ராஜவேலுவின் முகம். கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னால் செய்திருப்பேன்.

நினைவு வந்தபோது பெரிய ஆஸ்பத்திரியில் கிடந்தேன். பின்மண்டை எலும்பு உள்ளே அழுங்கி மூளையை அமுக்கிக்கொண்டிருந்ததாம். மண்டையைத் திறந்து அந்த எலும்புத் துண்டை நெம்பித் தூக்கியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு முதுகுத்தண்டில் ஊசி போட்டுத் தண்ணீர் எடுத்தார்கள். மூளையைச் சுற்றி இருக்கிற நீர்தான் முதுகெலும்புக்குள்ளும் இறங்கி ஓடுகிறது, அதில் ரத்தமோ சீழோ இருந்தால் உள்ளே இன்னும் ஏதோ கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அந்த ஊசிக்காக என்னை முழங்காலும் மோவாயும் இடிக்கிற மாதிரி மடக்கிப் பிடித்தபோது, பிடித்தவன் கையைக் கடித்துவிட்டேன். வார்டில் அன்றிலிருந்து என்னிடம் எல்லோருக்கும் ஒரு மரியாதை வந்துவிட்டது.

போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் கட்டிலருகே வந்து யார் அடித்தது என்று கேட்டார். ராஜவேலு என்றேன். அன்றே பிடித்துவிட்டார்கள். லாக்கப்பில் அவனுக்கு விலா எலும்பு உடைந்ததாகச் செய்தி கொண்டுவந்தவன் சிகாமணி, என் மனைவி புஷ்பாவின் தம்பி. எனக்கு அன்றைக்குத்தான் பசி எடுத்தது. இரண்டாவது தடவை கஞ்சி வாங்கிக் குடித்தேன்.

சிகாமணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். கார்ப்பரேஷனில் தெருவிளக்குக் கம்பம் ஏறுகிற வேலை. முப்பது வயசு ஆள், அதிகம் பேசமாட்டான். வேலை முடிந்ததும் நேராக வார்டுக்கு வருவான், உடம்பு துடைப்பான், மலச்சட்டி எடுப்பான், கஞ்சியை ஆற்றி ஊட்டுவான். என் கூடப்பிறந்தவர்கள் இரண்டு பேர் அதே ஊரில் இருந்தார்கள், வந்து ஆரஞ்சுப் பழம் வைத்துவிட்டுப் போனார்கள்.

கண்ணையும் சேர்த்துச் சுற்றியிருந்த தலைக்கட்டை அவிழ்த்த பிறகுதான் என் நிஜமான சங்கடம் ஆரம்பித்தது. நிறம் தெரிந்தது. வெளிச்சம், நிழல் தெரிந்தது. எது சொரசொரப்பு, எது வழவழப்பு என்பது முன்னைவிட நன்றாகவே தெரிந்தது. ஆனால் பொருள் என்று ஒன்று தெரியவில்லை. கம்பளியின் முரட்டு நூலைப் பார்த்தேன், அது எங்கே முடிந்து கட்டில் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. எனாமல் குவளையை எடுக்கக் கை நீட்டினால் அதன் நிழலைப் பிராண்டினேன். தட்டில் சோறு வைத்தால் வெள்ளையாகக் குருணை குருணையாக ஒரு பரப்பு, பக்கத்தில் பழுப்பாக ஒரு பரப்பு. பழுப்பு என் கைதான் என்று அது அசைந்த பிறகு தெரிந்தது. நர்ஸ் என்பது கஞ்சி போட்ட காடாத் துணி, அதிலிருந்து குரல் வரும். முகங்கள் இருக்க வேண்டிய இடத்தில் தோல் இருந்தது, மயிர் இருந்தது, ஈரமாக ஏதோ மினுங்கியது. அவை ஒன்று சேரவில்லை.

பயந்து போனேன். அப்படிப் பயந்ததே இல்லை. ஆனால் யாரிடமும் சொல்லவில்லை. குரலை வைத்து ஆட்களைத் தெரிந்துகொண்டு சமாளித்தேன். கண் சரியில்லை என்று வெளியே தெரிந்தால் மில்லில் சீட்டைக் கிழித்துவிடுவார்கள். அதைவிட முக்கியமாக, ராஜவேலு தப்பித்துவிடுவான். மாஜிஸ்திரேட் வார்டுக்கு வந்து என் வாக்குமூலத்தை எழுதிக்கொள்ள இருந்தார். ராஜவேலுவைக் கொண்டுவந்து நிறுத்துவார்கள், நான் கை காட்ட வேண்டும். நான் அதற்குத் தகுந்த நிலையில் இருக்கிறேன் என்று டாக்டரம்மா முதலில் எழுதித் தர வேண்டும்.

டாக்டரம்மா கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார். ஊட்டும்போது நான் கன்னத்தை நீட்டுகிறேன், வாயை நீட்டுவதில்லை என்று சிகாமணி சொல்லித்தான் அவருக்குச் சந்தேகம் வந்தது. டார்ச் அடித்துப் பார்த்தார், கண் நன்றாக இருக்கிறது என்றார். வட்டமும் முக்கோணமும் வரைந்து காட்டினார். எனக்கு இரண்டும் காகிதத்தில் கறுப்பு மசியாகத்தான் இருந்தன. பிறகு சுவர்க் காலண்டரைக் கழற்றி அதில் இருந்த படத்தைக் காட்டினார். மேலே வழவழப்பு, நடுவில் நெருக்கமான சொரசொரப்பு, கீழே படுக்கைவாட்டில் இழுத்துவிட்ட மாதிரி கோடுகள் என்றேன். என்ன படம் என்றார். தெரியாது என்றேன். ஏரிக்கரையில் மரங்கள் நிற்கிற படமாம் அது. வானம் வழவழப்பு, இலைகள் சொரசொரப்பு, தண்ணீர் கோடு.

அவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னார். உலகம் கண்டபடி இறைந்து கிடக்கவில்லை, அதற்கு வழக்கங்கள் இருக்கின்றன. பக்கத்துப் பக்கத்தில் இருப்பவை பெரும்பாலும் ஒரே நிறமாக இருக்கும். ஒரு விளிம்பு ஆரம்பித்தால் கொஞ்ச தூரம் அதே போக்கில் போகும். வெளிச்சம் மேலேயிருந்து வரும், நிழல் கீழே விழும். பிறந்ததிலிருந்து பார்த்துப் பார்த்து இந்த வழக்கமெல்லாம் நமக்கு மனப்பாடம் ஆகிவிடுகிறது, மனப்பாடம் ஆனதுகூடத் தெரியாது. பின்னந்தலையில் ஓர் இடம் துணியை எடை போடுகிற மாதிரி பரப்பின் சொரசொரப்பையும் நெருக்கத்தையும் மொத்தமாகக் கணித்துக்கொள்கிறது. இன்னோர் இடம் விளிம்புகளை இணைத்து இது குவளை, இது முகம் என்று கட்டிக் கொடுக்கிறது. எனக்கு முதலாவது தப்பித்துவிட்டது, இரண்டாவது நசுங்கிவிட்டது. நாளாவட்டத்தில் கொஞ்சம் தேறலாம், தேறாமலும் போகலாம் என்றார். கடைசியாக ஒன்று சொன்னார். காட்சியில் எங்காவது குறைந்தால் மூளை தனக்குப் பழக்கமானதை வைத்து அதை நிரப்பிவிடும், நிரப்பினேன் என்று நம்மிடம் சொல்லாது.

நான் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான், கையெழுத்துப் போடுவாரா மாட்டாரா. மாட்டேன் என்றார். வாய்க்கு வந்தபடி ஏசினேன். ராஜவேலுவின் சங்கத்தில் கைநீட்டி வாங்கிவிட்டீர்களா என்றுகூடக் கேட்டேன். புஷ்பா என் பக்கம் நின்று கூடச் சேர்ந்து கத்தினாள்.

அதே வாரத்தில் ராஜவேலுவின் மனைவி கைக்குழந்தையோடு வார்டுக்கு வந்து என் காலைப் பிடித்துக்கொண்டாள். அவன் அன்றைக்குக் கேட்டருகே இருந்தது உண்மை, ஆனால் என் பக்கமே வரவில்லை, அவனை அடித்தே கொன்றுவிடுவார்கள் போலிருக்கிறது என்று அழுதாள். காலை உதறினேன். புஷ்பா அவள் மயிரைப் பிடித்து வார்டு வாசல் வரை இழுத்துக்கொண்டு போனாள். வளையல் நொறுங்கியது, குழந்தை வீறிட்டது, ஆயாக்கள் ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. கேட்கச் சுகமாக இருந்தது.

மறுநாள் டாக்டரம்மா சமரசத்துக்கு வந்தார். ஒரே ஒரு சோதனை வைக்கிறேன், தேறினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றார். மதியத்துக்கு மேல் கட்டிலுக்கு முன்னால் சிலரை வரிசையாக நிற்கவைத்தார். யாரும் வாய் திறக்கவில்லை. இதில் உங்களை அடித்த ஆள் இருந்தால் காட்டுங்கள் என்றார்.

பார்த்தேன். வெள்ளை, காக்கி, அழுக்கு வெள்ளை. அதற்குப் பக்கத்தில் நீலம், அதில் பழுப்புக் கோடு. ஒவ்வொரு கோட்டின் ஓரத்திலும் தப்பாக ஏறிய அந்த வெள்ளை இழை. அது வந்து கண்ணில் குத்தியது. குத்திய மறுகணம் அதற்கு மேலே ராஜவேலுவின் முகத்தைப் பார்த்தேன். இதைப் படிக்கிறவர்கள் நம்ப வேண்டும், பல்லைக் கடித்த அந்த முகத்தைப் பார்த்தேன். கை காட்டுவதற்கு எனக்குப் பொறுமை இல்லை. கட்டிலிலிருந்து பாய்ந்து வலக்கையால் அவன் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினேன். இடக்கையில் தட்டுப்பட்ட குவளையால் மண்டையில் அடித்தேன். மூன்று பேர் என்னை இழுத்தார்கள், விடவில்லை. தொண்டைக்குள் ஏதோ நெரிபடுவது விரலுக்குத் தெரிந்தது, இன்னும் இறுக்கினேன். அவன் என்னைத் திருப்பி அடிக்கவே இல்லை. என் மணிக்கட்டை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தான். விரல் இடுக்கில் கொஞ்சம் மூச்சு கிடைத்ததும் பேசினான்.

"மாமா, நான் சிகாமணி."

அவன் தினமும் வேலைக்குப் போடுகிற காக்கிச் சட்டையில் வருவான். அன்றைக்கு அது துவைக்கப் போயிருந்தது, நான் துணி வாங்கிக் கொடுத்துத் தைத்த தீபாவளிச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தான். டாக்டரம்மா அவனை நிற்கச் சொன்னார், பேசக்கூடாது என்றார். அவ்வளவுதான் நடந்தது. இப்படி ஆகும் என்று தெரிந்திருந்தால் அவனை நிறுத்தியிருக்கவே மாட்டேன் என்று அந்த அம்மாள் அழுததாகப் பிறகு நர்ஸ் சொன்னாள். என்னைக் கட்டில் கம்பியோடு துணியால் கட்டினார்கள். சிகாமணியின் நெற்றியில் தையல் போட்டார்கள்.

கட்டவிழ்த்த பிறகு டாக்டரம்மா என்னிடம் கேட்டது இரண்டே கேள்வி.

"அடி முதல்ல விழுந்துதா, முகத்த முதல்ல பாத்தீங்களா?"

"அடி வுழுந்துது. திரும்பிப் பாத்தேன்."

"அப்போ ஒடஞ்ச தலையால தானே பாத்தீங்க?"

எனக்கு அது புரிந்தது. புரிந்ததால்தான் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டு படுத்துவிட்டேன். சிகாமணி விஷயத்தில் தப்பாகிவிட்டது, அதற்காக ராஜவேலு விஷயத்திலும் தப்பு என்று ஆகிவிடுமா என்று எனக்குள்ளேயே வக்கீல் மாதிரி வாதாடினேன். புஷ்பாவும் அவன விட்றாத என்றுதான் சொன்னாள். தன் தம்பியின் நெற்றித் தையலைப் பார்த்துவிட்டு வந்து அப்படிச் சொன்னாள்.

சிகாமணி மறுநாள் வரமாட்டான் என்று நினைத்தேன். வந்தான். குரல் கம்மிப் போயிருந்தது, எச்சில் விழுங்கும்போது சத்தம் கேட்டது. வழக்கம் போலக் கஞ்சியை ஆற்றினான். அடுத்த நாளும் வந்தான். அதற்கடுத்த நாள் கஞ்சி ஊட்டக் குனிந்தபோது அவன் கழுத்து என் கண்ணுக்கு மிக அருகில் இருந்தது. எனக்கு அது ஒரு பரப்பு, அவ்வளவுதான். பழுப்பு, வழவழப்பு, கொஞ்சம் வியர்வை. துணி ஓடுகிற மேஜைமேல் பார்க்கிற மாதிரியே பார்த்துக்கொண்டிருந்தேன், வேறு என்ன செய்யத் தெரியும் எனக்கு. பரப்பில் ஒரு பழுது தெரிந்தது. கறுத்த பட்டைகள், சாய்வாக, ஒன்றன்கீழ் ஒன்றாக, சம இடைவெளியில் நான்கு. கழுத்தின் அந்தப் பக்கம் தடிப்பாகத் தனியாக ஒன்று. பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவை நகர்ந்து ஒன்றோடொன்று சேர்ந்தன. அடிபட்ட நாளிலிருந்து என் கண்ணில் எதுவும் அப்படிச் சேர்ந்ததில்லை. அது ஒரு கை.

என் வலக்கையைத் தூக்கி அதன்மேல் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு விரலும் அதனதன் இடத்தில் உட்கார்ந்தது. சிகாமணி துள்ளிப் பின்னால் போனான், கஞ்சி என் மார்பில் கொட்டியது. சூடாக இருந்தது. நான் வாய்விட்டு அழுதேன். வார்டு முழுக்கத் திரும்பிப் பார்த்தது, அதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை.

மாஜிஸ்திரேட் வந்த அன்று என் உறவும் சங்கத்து ஆட்களும் வராந்தாவில் கூடியிருந்தார்கள். அதற்குள் குவளையும் கதவும் எனக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட ஆரம்பித்திருந்தன, முகம் மட்டும் இன்னும் வரவில்லை. ராஜவேலுவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் அழுக்கு வேட்டியும் விலாவைப் பிடித்துக்கொண்டு விடுகிற மூச்சும்தான். இவன்தானா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். கை காட்டினால் முடிந்தது. சொல்லுய்யா என்று பின்னாலிருந்து புஷ்பாவின் குரல் வந்தது.

அடித்தது யாரென்று எனக்குத் தெரியாது என்று சொன்னேன். சட்டையைப் பார்த்தேன், முகத்தைப் பார்க்கவில்லை, பார்த்ததாக நினைத்தேன். அந்தச் சட்டை எங்கள் சந்தில் எல்லோரிடமும் இருக்கிறது. அன்றைக்கு நானும் அதைத்தான் போட்டிருந்தேன், விழும்போது பார்த்தது என் சட்டைக் கையாகக்கூட இருக்கலாம். அவர் எழுதிக்கொண்டார். வராந்தாவில் எங்கள் சங்கத்து ஆள் ஒருவன் காறித் துப்பினான்.

ராஜவேலுவை அழைத்துக்கொண்டு போகும்போது அவன் என் கட்டிலருகே நின்றான். நன்றி சொல்லப் போகிறான் என்று நினைத்தேன், அப்படி நினைத்த என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"நானா இருந்தா ரெண்டாவது அடியும் வுட்டுருப்பேன்டா" என்றான்.

கான்ஸ்டபிள் அவனைத் தள்ளிக்கொண்டு போனான். அவனை வழக்கிலிருந்து விட்டுவிட்டார்கள். விலா எலும்பு சரியாகச் சேராமல் இன்றும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறான். குழாயடியில் நாங்கள் பேசிக்கொள்வதில்லை. புஷ்பா என்னோடு பேசவே ரொம்ப நாள் ஆயிற்று.

மில்லில் மறுபடி வேலைக்குச் சேர்த்துக்கொண்டார்கள். துணி பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை, பழுது முன்பு போலவே கண்ணில் குத்துகிறது. முகங்களும் ஒவ்வொன்றாக வந்து சேர்ந்துவிட்டன, கூட்டத்தில் மட்டும் கொஞ்சம் தாமதமாகும். புஷ்பாவுக்கு மூக்குத்தி பக்கம் ஒரு மச்சம் இருப்பதை இப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். அந்தத் தீபாவளிச் சட்டையை அவள் அடுப்படித் துணியாகக் கிழித்துவிட்டாள்.

சிகாமணி ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வருகிறான். கழுத்தில் தடம் எப்போதோ மறைந்துவிட்டது. எனக்கு நன்றாகத் தெரிகிறது, நீ வருவது தெருமுனையிலேயே தெரிகிறது என்று பலமுறை சொல்லிவிட்டேன். சரி மாமா என்று தலையாட்டுவான். ஆனாலும் வாசலில், என் கை எட்டாத தூரத்தில் நின்று, "மாமா, நான் சிகாமணி" என்று சொல்லிவிட்டுத்தான் உள்ளே வருகிறான்.